கால் இழுக்கும் முன் உட்காருங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் மங்கியது, சில மாதம் கழித்து வலது கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றார்கள். மருந்தை விடாமல் எடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகப் புதிதாக எதுவும் வரவில்லை. துணையில்லாமல் நடக்கிறேன், ஆனால் பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால் வலது பாதம் தரையில் உரச ஆரம்பிக்கிறது. நியூராலஜிஸ்ட் "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார். என்ன எக்சர்சைஸ் என்று கேட்பதற்குள் அடுத்த பேஷன்ட் உள்ளே வந்துவிட்டார். பிசியோதெரபி சென்டருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போய்ச் சேருவதற்குள் களைத்துவிடுகிறேன். மே மாதம் ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, யூடியூபில் அரை மணி நேர வீடியோ ஒன்றைப் போட்டுச் செய்தேன். பாதியில் கண் மங்கி, கால் துவண்டு சோபாவில் விழுந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "நரம்பு வியாதிக்கு ஓய்வுதான் மருந்து, இருக்கிற நரம்பையும் கெடுத்துக்காதே" என்கிறார் என் மாமியார். அன்று செய்தது என் நரம்பைக் கெடுத்துவிட்டதா? வீட்டிலேயே நான் என்ன செய்யலாம்? எங்கே நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

வாசகி, மதுரை

பதில்: முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அன்று உங்கள் நரம்பு எதுவும் கெடவில்லை. உடம்பு சூடாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் கண்ணும் காலும் பழைய நிலைக்கு வந்துவிட்டன என்று நீங்களே சொல்கிறீர்கள். புதிதாகப் பாதிக்கப்பட்ட நரம்பு ஒரு மணி நேரத்தில் தேறாது.

நடந்தது என்ன என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகிய இடங்களில் நரம்பிழையைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது, மின்கம்பியைச் சுற்றி ரப்பர் இருப்பது மாதிரி. எம்.எஸ். நோயில் நம்முடைய எதிர்ப்புச் சக்தியே இந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகிறது. உறை போன இடத்தை மூளையின் உத்தரவு தட்டுத் தடுமாறித்தான் கடக்கும். உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சிலருக்கு அந்த இடத்தில் உத்தரவு நின்றுபோகும். கண்ணுக்குப் போகும் வழியில் பழைய தழும்பு இருந்தால் பார்வை மங்கும். காலுக்குப் போகும் வழியில் இருந்தால் கால் துவளும். உங்களுக்கு இரண்டு வழியிலுமே பழைய பாதிப்பு இருக்கிறது. மே மாத மதுரை, மாலை நேரம், நாள் முழுக்க நின்று பாடம் நடத்திய உடம்பு, அதன் மேல் அரை மணி நேரம் குதிப்பு. எனக்கு ஆச்சரியமே இல்லை.

இதற்குப் பெயர் ஊட்ஹோஃப் விளைவு. வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-ல், தன்னிடம் வந்தவர்களில் சிலருக்கு உடலை வருத்தி வேலை செய்தபின் பார்வை மங்கி, ஓய்வெடுத்தபின் திரும்புவதைக் கவனித்து எழுதினார். உழைப்புதான் காரணம் என்று அப்போது கருதினார்கள். சூடுதான் காரணம் என்பது வெகுகாலம் கழித்தே தெளிவானது. எம்.ஆர்.ஐ. இல்லாத நாளில், எம்.எஸ். என்று சந்தேகப்படுபவரை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு சோதனையாக இருந்தது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைக்குக் குளித்த நாளில் உங்களுக்குக் கால் கனத்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பலர் அதை எண்ணெயின் அசதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள். அவர் சொல்வதைத்தான் டாக்டர்களும் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியர்க்க விடாதே, அலையாதே, படுத்து ஓய்வெடு என்பதுதான் அன்றைய வைத்தியம். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சை மாற்றியவற்றில் முக்கியமானது. எம்.எஸ். உள்ள 54 பேரில் ஒரு பகுதியினரை 15 வாரம், வாரத்துக்கு மூன்று முறை, 40 நிமிடம் கையாலும் காலாலும் ஓட்டும் சைக்கிளில் பயிற்சி செய்யவைத்தார்கள். செய்தவர்களுக்கு மூச்சுத் திறன் கூடியது, தசை வலு கூடியது, மனச்சோர்வு குறைந்தது. அதன்பின் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதும், உடற்பயிற்சி செய்வதால் ரிலாப்ஸ், அதாவது நோய் மறுபடி தாக்குவது, கூடுவதாகத் தெரியவில்லை.

ஓய்வே எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். எம்.எஸ். ஒரு தசையைப் பலவீனமாக்குகிறது. பயன்படுத்தாமல் விட்டதால் அதைச் சுற்றியுள்ள நல்ல தசைகளும் இளைக்கின்றன. பிறகு வரும் களைப்பில் எது நோயால் வந்தது, எது உட்கார்ந்தே இருந்ததால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. முதல் வகை என் கையில் இல்லை. இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உடற்பயிற்சி மருந்துக்கு மாற்று இல்லை. "நாலு மாசம் இந்தப் பயிற்சி, மாத்திரையே வேண்டாம்" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள்.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நடமாட்டத்தில் லேசான, நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களுக்காகக் கனடாவில் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்தில் இரண்டு நாள் முப்பது நிமிடம் மிதமாக மூச்சு வாங்கும் பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் போதும் என்கிறது. 2020-ல் அமெரிக்க எம்.எஸ். சொசைட்டி சொன்னது வாரத்துக்கு 150 நிமிடம், அதுவும் அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப மெல்ல மெல்ல ஏறிப் போய்ச் சேர வேண்டிய அளவாக. நீங்கள் கனடாக்காரர்கள் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதையும் முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்களே, கால் உரச ஆரம்பித்த பிறகு நிறுத்தாதீர்கள். உரசுவதற்கு முன்பே நிறுத்துங்கள்.

நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே "முடியாத வரைக்கும் செய், அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு" என்ற பழக்கம் இருக்கிறது. ஜிம்மில் அது சரிதான். எம்.எஸ். காலுக்கு அது ஒத்துவராது. பாதத்தைத் தூக்கும் தசை களைத்தவுடன் உடம்பு வேறு வழி தேடும்: இடுப்பைத் தூக்கிக் காலை வீசும், முட்டியைப் பின்பக்கமாகப் பூட்டும். அந்த நடையில் இன்னும் பத்து நிமிடம் நடந்தால் நீங்கள் பயிற்சி செய்வது அந்தக் கோணல் நடையைத்தான். முட்டி வலியும் இடுப்பு வலியும் அதில்தான் வருகின்றன. தடுக்கி விழுவதும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான்.

உங்களுக்குப் பத்தாவது நிமிடத்தில் பாதம் உரசுகிறது. அப்படியானால் ஆறு நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். இன்னும் நடக்கலாமே என்று தோன்றும்போதே உட்கார வேண்டும், அதுதான் கஷ்டம். இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு ஆறு நிமிடம். முடிந்தால் மூன்றாவது முறை. மொத்தம் பதினெட்டு நிமிடம் நடந்திருப்பீர்கள், ஒரு முறைகூடக் கால் இழுத்திருக்காது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. எம்.எஸ். உள்ளவர்களை ஆறு நிமிடம் ஒரே மூச்சாக நடக்கவைத்தும், இடையில் ஓய்வு கொடுத்து இரண்டு இரண்டு நிமிடமாக நடக்கவைத்தும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு விட்டு நடந்தவர்கள் அதே ஆறு நிமிடத்தில் அதிக தூரம் போனார்கள்.

வேகம் எவ்வளவு என்றால், நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. தெரு வேண்டாம், நாயும் குழியும் உங்கள் கவனத்தைத் தின்றுவிடும். வீட்டு ஹாலிலிருந்து வாசல் வரை போய் வந்தாலே போதும். மொட்டை மாடியானால் விடியற்காலை மட்டும்.

நேரம் பற்றி: உடம்பின் உள்வெப்பம் விடியற்காலையில் குறைவு, மாலையில் அதிகம். எம்.எஸ். களைப்பும் பெரும்பாலானவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் ஏறும். எனவே காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே செய்வது நல்லது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அது முடியாது என்றால், சமையலில் ஒரு பகுதியை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்த நோயில் காலைச் சக்திதான் இருப்பதிலேயே விலை உயர்ந்தது. அதை முழுவதும் டிபன் பாக்ஸ் கட்டுவதில் செலவழித்துவிட்டு, மிச்சம் மீதியில் உடற்பயிற்சி செய்வது கட்டுப்படியாகாது.

மின்விசிறிக்கு நேர் கீழே செய்யுங்கள். ஏ.சி. இருந்தால் போடுங்கள், கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தாதீர்கள். உங்களுக்கு அது சொகுசு இல்லை. தொடங்குவதற்கு முன் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள், பானைத் தண்ணீர் போதும். பருத்தித் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் குளிர்விக்கும் ஜாக்கெட் விற்கிறார்கள். நல்ல பொருள்தான், விலை அதிகம். ஈரத் துண்டு அந்த வேலையில் பாதியைச் செய்யும். கத்திரி வெயில் நாட்களில் நடையை விட்டுவிட்டு உட்கார்ந்தும் படுத்தும் செய்வதை மட்டும் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

சரி, தசை வலுவுக்கு வருவோம். ரப்பர் பேண்ட், டம்பெல் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். ஒரு நாற்காலி போதும். ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான். தொடை, பிட்டம், இடுப்பு மூன்றுக்கும் வேலை, அதோடு தினசரி வாழ்க்கைக்கு நேரடியாக உதவுவது.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உயரம் குறைவாக இருந்தால் ஒரு போர்வையை மடித்து வையுங்கள், பலம் வர வர ஒவ்வொரு மடிப்பாகக் குறைக்கலாம். நாற்காலியின் முன் பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். இரண்டு குதிகாலையும் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கைகளை நெஞ்சில் கட்டிக்கொள்ளலாம், முடியாவிட்டால் தொடையில் வையுங்கள். இப்போது மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் வரை முன்னால் சாயுங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்யாமல் நேராக எழப் பார்த்துப் பின்னால் விழுகிறார்கள். சாய்ந்தபின் எழுந்து முழுதாக நிமிருங்கள். முட்டியைப் பின்பக்கம் பூட்டிவிடாதீர்கள், ஒரு துளி தளர்வாக இருக்கட்டும்.

பயனில் பாதி இறங்குவதில்தான் இருக்கிறது. மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெல்ல இறங்குங்கள். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் அந்த முறையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் ஒன்று நிச்சயம் நடக்கும். இடது கால் சாமர்த்தியமாக முழு பாரத்தையும் வாங்கிக்கொள்ளும், வலது கால் சும்மா துணைக்கு நிற்கும். எதிரே ஒரு கண்ணாடி இருந்தால் உடம்பு இடது பக்கம் நகர்வது தெரியும். அப்படியானால் இடது பாதத்தை அரைப் பாதம் அளவு முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு எழுங்கள். வேறு வழியில்லாமல் வலது கால் வேலை செய்யும். முதலில் நான்கைந்து முறைதான் வரும். வரட்டும். ஐந்து முறை, இரண்டு நிமிடம் உட்கார்ந்து ஓய்வு, மறுபடி ஐந்து முறை. அவ்வளவோடு முதல் இரண்டு வாரம் முடிந்தது. பிறகு எட்டு, பத்து என்று ஏற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள், ஞாயிறும் புதனும் வைத்துக்கொண்டால் நடுவில் தசைக்கு ஓய்வு கிடைக்கும்.

பாதம் உரசுவதற்குத் தனியாக ஒன்று. அதே நாற்காலியில் உட்கார்ந்து, குதிகால் தரையில் இருக்க, வலது பாதத்தின் முன்பகுதியை மட்டும் மேலே தூக்கி மூன்று எண்ணி இறக்குங்கள். தூக்கும் உயரத்தைக் கவனியுங்கள். முதல் முறை எவ்வளவு உயர்ந்ததோ அந்த உயரம் குறைகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள், அது ஆறாவது முறையானாலும் சரி. ஒரு நிமிடம் கழித்துத் தொடரலாம். இதை விடைத்தாள் திருத்தும்போது மேசைக்கு அடியில்கூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

இன்னொரு பக்கம், கெண்டைக்கால் இறுகியிருந்தால் பாதத்தைத் தூக்கும் தசை எவ்வளவு முயன்றாலும் பாதம் மேலே வராது. காலையில் எழுந்ததும் கால் விறைப்பாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்க வாய்ப்பு அதிகம். படுக்கையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு நீளமான துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி இரண்டு கையாலும் உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். முப்பது வினாடி முதல் ஒரு நிமிடம் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்து இன்னும் இறுகும். இது மட்டும் தினமும், இரண்டு காலுக்கும். குனியும்போது கழுத்திலிருந்து முதுகு வழியாக ஷாக் அடித்த மாதிரி ஓடினால் பயப்படாதீர்கள். எம்.எஸ்.ஸில் அது பலருக்கு உண்டு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு செய்தால் குறையும்.

சமநிலைப் பயிற்சிக்குச் சமையல் மேடையைவிட நல்ல இடம் கிடையாது. மேடைக்கு முகம் காட்டி நின்று, விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றொரு பாதத்தை வைத்து அரை நிமிடம் நில்லுங்கள். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். அடுப்பு அணைந்திருக்க வேண்டும், தரை ஈரமாக இருக்கக் கூடாது. இது எளிதாகிவிட்டால் விரலை எடுத்துவிட்டு நில்லுங்கள். கண்ணை மூடிச் செய்வதை நீங்களாகத் தொடங்காதீர்கள், அதற்கு அருகில் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். எம்.எஸ். உள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், மூன்று மாதத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று தெரிகிறது. விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. நைட்டியின் நுனியைக் கணுக்காலுக்கு மேல் தைத்துவிடுங்கள். ரப்பர் செருப்பை ஒழித்துவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ளதை அணியுங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். துண்டு மாட்டும் கம்பி வேண்டாம், அது பாரம் தாங்காது.

யூடியூப் வீடியோவே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் எண்ணுகிறவர் உங்கள் காலைப் பார்க்கவில்லை, அதுதான் சிக்கல். வேகமாகச் செய்யும் சூரிய நமஸ்காரமும் இதே வகைதான். நின்று, மூச்சு விட்டு, ஒவ்வொரு நிலையாகச் செய்யும் யோகா உங்களுக்கு நல்லது. மாதத் தவணையில் டிரெட்மில் வாங்கும் யோசனை வீட்டில் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். கால் துவளும்போது பெல்ட் உங்களுக்காக நிற்காது.

எந்த சென்டருக்குப் போனாலும், நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டிய ஒன்று: "வெந்நீர் ஒத்தடம், மெழுகு ஒத்தடம், நீராவி, சூட்டு விளக்கு எதுவும் எனக்கு வேண்டாம், எனக்கு எம்.எஸ். இருக்கிறது." முட்டி வலி என்று போனால் பழக்கதோஷத்தில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். மரத்துப்போன தோலில் சூடு உறைக்காது, கொப்பளம் வந்தபின்தான் தெரியும்.

எல்லாம் அளவோடுதான் நடக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. முதலாவது, பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் நீங்கள் தொடங்குவதற்கு முன் இருந்த நிலைக்கு வந்துவிட வேண்டும். அதைத் தாண்டியும் கால் கனமாக இருந்தால், அல்லது மறுநாள் பள்ளியில் நிற்க முடியாமல் போனால், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். இரண்டாவது, மாதம் ஒருமுறை ஓர் அளவு. நியூராலஜிஸ்ட்டுகள் 25 அடி நடை என்று ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். வராந்தாவில் 25 அடி அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுங்கள். விழாத அளவுக்கு முடிந்த மட்டும் வேகமாக நடந்து, உங்கள் கணவரை செல்போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். காலையில், ஒரே செருப்போடு. மாதா மாதம் அரை வினாடி முன்னே பின்னே போவதற்கெல்லாம் கவலைப்படக் கூடாது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நேரம் கூடினால்தான் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்வார்கள். அப்போது அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். "கொஞ்சம் மோசமா இருக்கு டாக்டர்" என்பதைவிட அந்த எண் அவரை அதிக நேரம் உட்கார்ந்து கேட்கவைக்கும்.

சூட்டினால் வந்ததா, ரிலாப்ஸா என்ற சந்தேகம் உங்களுக்கு இனியும் வரும். குளிர்ந்தவுடன், ஓய்வெடுத்தவுடன் போனால் சூடு. புதிதாக ஓர் அறிகுறி வந்தோ, பழையது நன்றாகக் கூடியோ, 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் டாக்டருக்கு போன் செய்யுங்கள். அதற்கு நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. சிறுநீரில் இன்ஃபெக்ஷன், காய்ச்சல் எது வந்தாலும் பழைய அறிகுறிகள் எல்லாம் ஒட்டுமொத்தமாகத் தலைகாட்டும். பள்ளியில் கழிப்பறைக்குப் போவதற்குத் தயங்கித் தண்ணீர் குடிக்காமலே இருக்கிற ஆசிரியைகளை எனக்குத் தெரியும். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்க வேண்டாம். உண்மையிலேயே ரிலாப்ஸ் வந்து ஸ்டீராய்டு ஏற்றும் நாட்களில் நடையையும் நாற்காலிப் பயிற்சியையும் விட்டுவிடுங்கள். கை கால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டினால் போதும். அறிகுறி அடங்கிய பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் முதல் வாரத்து அளவிலிருந்து தொடங்குங்கள்.

வகுப்பில் நீங்கள் நிற்கும் நேரமும் உங்கள் காலின் கணக்கில்தான் சேரும். ஆறு பீரியட் நின்றுவிட்டு வந்த நாளில் வேறு எதுவும் செய்ய வேண்டாம், கெண்டைக்காலுக்குத் துண்டுப் பயிற்சி மட்டும். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் எதற்கு? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதே நோய் உள்ளவர்களோடு பேச விரும்பினால் 1985-லிருந்து இயங்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையில் கிளை இருக்கிறது.

மாமியாரை வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். நடக்கும்போது உங்கள் வலது பாதத்தை முதலில் கவனிக்கப்போவது நீங்கள் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். செருப்புச் சத்தம் மாறுவது அவர் காதில் விழும். "போதும், உட்காரு" என்று சொல்ல வேண்டியது அவர் வேலை. ஓய்வு எடுக்கச் சொல்லும் ஆசையும் அவருக்கு நிறைவேறும்.

ஒரே ஒரு தடவை மட்டும் அந்த இரண்டு பஸ் பயணத்தைச் செய்துவிடுங்கள், முடிந்தால் ஆட்டோவில், காலை வேளையில். நரம்பு நோயாளிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உங்கள் நடையை நேரில் பார்க்க வேண்டும். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் லேசான பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கிறது, செருப்புக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். அது உங்களுக்கு இப்போதே தேவையா, இல்லை பாதப் பயிற்சியோடு சில மாதம் பார்க்கலாமா என்பதைக் கடிதத்தில் என்னால் சொல்ல முடியாது. போகும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். தசை விறைப்புக்கு ஏதாவது மாத்திரை அதில் இருந்தால், அதை விழுங்கி எவ்வளவு நேரம் கழித்துப் பயிற்சி செய்கிறீர்கள் என்று அவர் கேட்பார்.